அப்பா தமிழர், அம்மா சீனர்: இரு வீட்டு வழக்கங்களையும் எடுத்துச் செய்யப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழரும் சீனரும் மணந்து உருவான குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. 'சிண்டியன்' என்ற பெயரும் ஊரில் நிலைத்துவிட்டது. இவர்களோடு இன்னொரு வகையினரையும் சேர்க்க வேண்டும்: மலாயாவில் தமிழ்க் குடும்பங்கள் தத்தெடுத்து வளர்த்த சீனப் பெண் குழந்தைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். இந்த வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். "இது அந்தப் பக்கத்துப் பிள்ளை, இதெல்லாம் அதற்கு எதற்கு" என்று இரண்டு பக்கமும் விட்டுவிடும். பிறகு தாத்தாவோ பாட்டியோ போன பின், முப்பது வயதுக்கு மேல், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

ஒரே ஒரு விதியை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சடங்கில் இரண்டையும் கலக்காதீர்கள். தமிழ்ச் சடங்கைத் தமிழ் முறையில் முழுதாகச் செய்யுங்கள், சீனச் சடங்கைச் சீன முறையில் முழுதாகச் செய்யுங்கள், ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று. இதில் பாதி, அதில் பாதி என்று ஒட்டவைத்தால் எந்தப் பக்கப் பெரியவருக்கும் அது பிடிபடாது. பிடிபடாததை அவர்களால் திருத்தவும் முடியாது. புதிதாகக் கற்பவருக்குத் திருத்த ஆள் இல்லாமல் போவதைவிடப் பெரிய நட்டம் இல்லை.

எந்தச் சீனர், எந்தத் தமிழர்?

'சீன வழக்கம்' என்று ஒன்று கிடையாது. ஹொக்கியன், கண்டனீஸ், ஹக்கா, தியோசூ, ஹைனானீஸ் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் படையலில் வைப்பது, நாள் பார்ப்பது, உறவினரை அழைப்பது எல்லாம் மாறும். கேட்க ஆள் இல்லாவிட்டால் பழைய பிறப்புச் சான்றிதழை எடுத்துக் குடும்பப் பெயர் எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரே சீன எழுத்து ஹொக்கியன், தியோசூ வாயில் 'தான்' என்றும், கண்டனீஸ் வாயில் 'சான்' என்றும், ஹக்கா வாயில் 'சின்' என்றும் வரும். அதேபோல 'தியோ', 'சியோங்', 'சோங்' மூன்றும் ஒரே எழுத்துதான். 'ஊய்' என்றிருந்தால் ஹொக்கியன், 'வோங்' என்றால் பெரும்பாலும் கண்டனீஸ். அந்தக் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கலாம் என்பதால் இதைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள், முடிவாகக் கொள்ள வேண்டாம்.

தத்தெடுக்கப்பட்ட பாட்டிகளுக்குக் குடும்பப் பெயரே பதிவில் இல்லாமல் இருக்கலாம். அப்போது பிறந்த ஊரின் வழக்கைப் பின்பற்றுவதில் தவறில்லை. பினாங்கு என்றால் ஹொக்கியன், கோலாலம்பூர், ஈப்போ என்றால் கண்டனீஸ், ஜொகூர் பாரு என்றால் தியோசூ.

தமிழ்ப் பக்கத்திலும் இதே சிக்கல்தான். மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: தமிழ்நாட்டில் எந்த ஊர், குலதெய்வம் எது, வீட்டில் முன்னோருக்குப் படைப்பது சைவமா அசைவமா. மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. பின்னால் எல்லா மனத்தாங்கலும் அங்கிருந்துதான் கிளம்பும். தோட்டத்துக் கோயிலில் கும்பிட்ட சாமியைக் குலதெய்வம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களும் உண்டு. அதைப் போய்த் திருத்த வேண்டாம். மூன்று தலைமுறை கும்பிட்டால் அதுவும் குடும்பத்துச் சாமிதான்.

முதல் ஆண்டுக்கு நான்கு நாள் போதும்

பட்டியல் போட்டு எல்லாவற்றையும் முதல் ஆண்டே தொடங்குகிறவர்கள் அடுத்த ஆண்டு எதையும் செய்வதில்லை. குடும்பத்தாரே, அர்ச்சகரோ தாவோயிச குருக்களோ இல்லாமல் செய்யக்கூடிய நான்கை மட்டும் எடுங்கள்: தைப்பொங்கல், ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும், முன்னோர் கல்லறைக்குப் போய்ப் படைக்கும் நாளான சிங் மிங், தீபாவளிக்கு முந்தின நாள் முன்னோர் படையல், டிசம்பர் 21 அல்லது 22இல் வரும் குளிர்காலத் திருநாளான தொங் சே.

நான்கில் எளிதானது தொங் சே. 200 கிராம் புளுட் எனும் ஒட்டும் அரிசி மாவில் ஏறத்தாழ 170 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாகவிட்டுப் பிசைந்து, கோலிக்குண்டு அளவு உருட்டுங்கள். பாதி வெள்ளை, பாதி இளஞ்சிவப்பு. கொதிநீரில் போட்டு, மேலே மிதந்த பின் ஒரு நிமிடம் விட்டு எடுத்து, இஞ்சியும் பாண்டான் இலையும் போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகில் சேர்த்தால் தாங் யுவான். பலருக்கும் கெட்டுப்போவது மாவில்தான். வீட்டிலிருக்கும் இடியாப்ப மாவை எடுத்தால் உருண்டை வெடித்துக் கரைந்துவிடும். அதில் புளுட் மாவின் ஒட்டும் தன்மை கிடையாது.

பொங்கலுக்கு ஒரு கப் பச்சரிசி, கால் கப் பாசிப்பருப்பு, பாலும் தண்ணீருமாக ஐந்து கப், ஒன்றேகால் கப் வெல்லம். அரிசி நன்றாகக் குழைந்த பிறகே வெல்லத்தைப் போட வேண்டும். முன்பே போட்டால் அரிசி அதற்குமேல் வேகாமல் விறைத்து நிற்கும். பானையில் முக்கால் பங்காவது நிரம்பியிருந்தால்தான் பொங்கி வழியும். அடுக்குமாடி வீட்டுச் சமையலறை அடுப்பில் அது வழிந்தால் தீ அணைந்து வாயு கசியும். பால்கனியிலோ கீழே திறந்த இடத்திலோ தூக்கிச் செல்லும் அடுப்பை வைத்து, பக்கத்திலேயே ஆள் இருந்து பொங்குங்கள்.

நாட்காட்டியில் எங்கே இடிக்கும்

இரண்டு பக்கமும் திங்களின் ஓட்டத்தைப் பார்ப்பதால் பல நாள்கள் அடுத்தடுத்து வந்து விழும். சீன மாதத்தின் முதல் நாள் அமாவாசையன்றோ மறுநாளோ வரும். பதினைந்தாம் நாள் பௌர்ணமியை ஒட்டி வரும். அந்த இரண்டு நாளும் சைவம் சாப்பிடும் சீனப் பாட்டிகள் இருக்கிறார்கள். அமாவாசை விரதம் இருக்கும் தமிழ் வீட்டுக்கு இது வசதி.

இடிப்பது தைப்பூசத்தில். சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். அது ஜனவரியில் வந்தால் தைப்பூசம் பெரும்பாலும் பதினைந்து நாள் கொண்டாட்டத்துக்குள்ளேயோ அதன் கடைசி நாளை ஒட்டியோ விழும். 2023இல் அந்தப் பதினைந்தாம் நாளான சாப் கோ மேயும் தைப்பூசமும் ஒரே நாள், பிப்ரவரி 5. 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11, சாப் கோ மே மறுநாள். புத்தாண்டு பிப்ரவரியில் வரும் ஆண்டுகளில் பூசம் முன்கூட்டியே முடிந்துவிடும், சிக்கலில்லை. 2028இல் புத்தாண்டு ஜனவரி 26 என்பதால் மறுபடியும் இடிக்கும். காவடிக்கோ பால்குடத்துக்கோ விரதம் இருப்பவர்கள் அந்த ஆண்டுகளில் பெருநாள் விருந்துக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை. இரண்டு வாரம் முன்பே விருந்து வைக்கும் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு மறுப்பதுதான் மனத்தைப் புண்படுத்தும். பினாங்கில் தைப்பூச ரதத்துக்கு முன் தேங்காய் உடைப்பவர்களில் சீனர்களும் திரளாக இருப்பதால் விரதம் என்றால் என்ன என்று விளக்கிச் சொல்லும் வேலை உங்களுக்குக் குறைவு.

சென்னையில் அச்சான நாள்காட்டியை அப்படியே பின்பற்றாதீர்கள். திதி தொடங்கும் நேரத்தோடு இரண்டரை மணி கூட்ட வேண்டும். ராகு காலத்துக்கு அந்தக் கணக்கும் பொருந்தாது. அது சூரிய உதயத்தை வைத்து வருவது, கோலாலம்பூரில் உதயம் ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில். உள்ளூரில் கணித்த பஞ்சாங்கத்தை வாங்கிவிட்டால் தொல்லையில்லை. சீனப் பக்கத்துக்குத் துங் சிங் என்ற பஞ்சாங்கம் இருக்கிறது. இறந்தவரின் நாளைத் தமிழர் திதியாகவும் சீனர் தங்கள் மாத நாளாகவும் குறித்துவைப்பார்கள். ஆங்கிலத் தேதியோடு இறந்த நேரத்தையும் கேட்டு எழுதிவையுங்கள். நேரம் இல்லாவிட்டால் திதி ஒரு நாள் தவறிப்போக வாய்ப்பு உண்டு.

முன்னோருக்குப் படைப்பது

இரண்டு மரபும் உண்மையாகவே சந்திக்கும் இடம் இதுதான். இறந்தவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்க வேண்டும் என்பதில் ஹொக்கியன் பாட்டிக்கும் தமிழ்ப் பாட்டிக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. இங்கிருந்து தொடங்கினால் மற்றவை தானாக வரும்.

முதலில் இடம். தமிழ் வீட்டில் சாமி படங்களின் வரிசையில் இறந்தவர் படத்தை வைப்பதில்லை, வேறு சுவரில் மாட்டுவார்கள். சீன வீட்டில் தெய்வத்தின் அருகிலேயே, சற்றுத் தாழ்வாகவோ பக்கவாட்டிலோ முன்னோர் பெயர் எழுதிய பலகை இருக்கும், அதற்கு அசைவமும் படைப்பார்கள். இரண்டையும் ஒரே மேடையில் வைத்தால் முருகன் படத்துக்கு முன் வறுத்த பன்றி இறைச்சி வந்து நிற்கும். எனவே மேடைகள் இரண்டாகவே இருக்கட்டும். சிறிய வீடு என்றால் ஒரே சுவரில் வேண்டாம், எதிரெதிராகவும் வேண்டாம். நடுவில் ஒரு கதவோ அலமாரியோ இருந்தால் நல்லது.

சிங் மிங்குக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை: களை வெட்டும் அரிவாள், துடைப்பம், தண்ணீர், சிவப்போ பொன்னிறமோ வண்ணம் ஒரு சிறிய டப்பா, மெல்லிய தூரிகை, சிவப்பு மெழுகுவத்தி ஒரு ஜோடி, ஊதுபத்திக் கட்டு, காகிதப் பணம், தேநீருக்கு மூன்று, மதுவுக்கு மூன்று என ஆறு சிறு கிண்ணங்கள், முழுதாக வேகவைத்த கோழி, பழங்கள், இறந்தவருக்குப் பிடித்த ஏதாவது ஒன்று. அன்றே போக முடியாவிட்டால் முன்னும் பின்னும் பத்து நாள்களுக்குள் போகலாம். பெரிய இடுகாடுகளில் வாகன நெரிசலைத் தவிர்க்கப் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

1. களை நீக்கி, கல்லைக் கழுவி, மங்கிய எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டுங்கள். கல் ஈரமாக இருந்தால் வண்ணம் வழியும், முதலில் இதை முடித்துவிட்டால் மற்ற வேலை நடக்கும்போது காய்ந்துவிடும். எல்லா எழுத்துக்கும் ஒரே நிறம் என்று நினைக்க வேண்டாம், பழைய நிறம் எங்கே என்னவோ அதையே தீட்டுங்கள்.
2. கல்லறைக்குப் பக்கத்தில் நிலத் தெய்வத்துக்குச் சிறு கல் இருக்கும். முதலில் அங்கே ஊதுபத்தியும் படையலும். புதியவர்கள் மறப்பது இதைத்தான்.
3. பிறகு முன்னோருக்கு மெழுகுவத்தி ஏற்றி, உணவைப் பரப்பி, வயதில் மூத்தவரிலிருந்து ஒவ்வொருவராக ஊதுபத்தி காட்டுங்கள். பல வீடுகளில் ஆளுக்கு மூன்று. சுடர் எழுந்தால் வாயால் ஊதாமல் கையை வீசி அணைக்க வேண்டும். விளக்கை ஊதி அணைக்கக் கூடாது என்று வளர்ந்த தமிழருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.
4. ஊதுபத்தி பாதிக்குமேல் எரியும்வரை காத்திருங்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்தார்களா என்று இரண்டு காசுகளைப் போட்டுக் கேட்பது வழக்கம். ஒன்று தலையும் ஒன்று பூவும் விழுந்தால் ஆம். இரண்டும் ஒன்றுபோல விழுந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் போடுங்கள்.
5. பிறகுதான் காகிதப் பணத்தை எரிக்க வேண்டும். சாப்பாடு முடியும் முன் எரிப்பது விருந்தினரைக் கைகழுவச் சொல்வதற்குச் சமம்.

தீபாவளிக்கு முந்தின நாள் படையலில் வாழை இலை, சோறு, இறந்தவர் விரும்பிய குழம்பும் பிரட்டலும், பலகாரம், ஒரு செம்பு தண்ணீர் இருக்கும். கோழியும் ஆடும் படைக்கும் வீடுகளில் கள்ளோ பீரோகூட வைப்பதுண்டு. ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுத்துணியையும், மறுநாள் காலைக் குளியலுக்கான நல்லெண்ணெயையும் சீயக்காயையும் அங்கேயே வைப்பார்கள். சாம்பிராணி காட்டிக் கற்பூரம் ஏற்றிய பின் எல்லோரும் வெளியே வந்து சில நிமிடம் கதவைச் சாத்திவைப்பது பல வீடுகளின் வழக்கம். பிறகு காக்கைக்கு ஒரு பிடி. மலேசியாவில் காக்கைக்குப் பஞ்சமில்லை, மாடி வீட்டு நிர்வாகத்தின் அனுமதிக்குத்தான் பஞ்சம். கீழே இறங்கி ஒரு மரத்தடியில் வையுங்கள்.

சீனப் பாட்டியின் படமும் அந்தப் படையலில் இருந்தால் அவர் சாப்பிட்டதையே வையுங்கள். இது கலப்பதாகாது, இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது என்பதுதான் தமிழ்ப் படையலின் விதியே. ஒன்றே ஒன்று: உண்ணும் குச்சிகளைப் படுக்கவைக்க வேண்டும். சோற்றில் செங்குத்தாகக் குத்திவைப்பது பிணத்துக்கு முன் வைக்கும் சோற்றின் அடையாளம்.

கிறித்தவர்களான குடும்பங்களில் ஊதுபத்தியும் படையலும் இருக்காது. கல்லறையைத் துப்புரவு செய்து பூ வைத்துத் தலைவணங்கினால் எந்தச் சீன உறவினரும் குறை சொல்வதில்லை. போகாமல் இருந்தால்தான் சொல்வார்கள்.

ஒரே மேசையில் இரண்டு சைவம்

சீனர் சைவமும் தமிழர் சைவமும் ஒன்றல்ல. சீனச் சைவத்தில் பூண்டும் வெங்காயமும் கூடாது, முட்டையைச் சிலர் அனுமதிப்பார்கள். தமிழ்ச் சைவத்தில் முட்டை கூடாது, வெங்காயம் இருக்கலாம். முட்டை, வெங்காயம், பூண்டு மூன்றையும் விட்டுச் சமைத்தால் இரண்டு பாட்டிகளும் சாப்பிடலாம். மாட்டிறைச்சியைப் பொறுத்தவரை, குவான் யின் அம்மனை வழிபடும் சீனர்களில் பலரும் அதைத் தொடுவதில்லை என்பதால் சண்டை குறைவு. கவனிக்க வேண்டியது பன்றிக் கொழுப்பு. பெருநாள் பிஸ்கட்டிலும் வறுத்த மீ நூடுல்ஸிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.

பணம், தட்டு, எண்ணிக்கை

மிகச் சுலபமாகத் தவறும் இடம். தமிழர் மொய்யாக 51, 101, 501 என்று ஒற்றைப்படையில் வைப்போம், சீர்த்தட்டும் 5, 7, 9 என்று போகும். சீனருக்கு நல்ல காரியம் என்றால் எல்லாம் இரட்டை, ஒற்றைப்படை இறப்பு வீட்டுக்கு உரியது. சீனர் திருமணத்தில் 101 ரிங்கிட் வைத்தால் துக்கப் பணம் போலத் தெரியும். அங்பா எனும் சிவப்புப் பண உறையில் 4 என்ற எண்ணும் வேண்டாம், 40ம் வேண்டாம். 60, 88, 120, 200 என்று வையுங்கள். தமிழர் திருமணத்துக்கு வரும் சீன உறவினருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், அவர்கள் பங்குக்கு அவர்களும் தயங்கிக்கொண்டிருப்பார்கள். மாண்டரின் ஆரஞ்சை ஜோடியாக, இரு கையாலும் நீட்ட வேண்டும். சீனருக்கு அதுவே மரியாதை, இடது கையால் மட்டும் கொடுக்காதவரை தமிழருக்கும் குறையில்லை. கடிகாரத்தைச் சீனருக்குப் பரிசாகக் கொடுக்கவே கூடாது.

குழந்தை பிறந்தால்

சீனர் குழந்தைக்கு முதல் மாதம் நிறையும்போது தலைமுடி மழித்து, சிவப்பு முட்டை கொடுப்பார்கள். மலேசியத் தமிழர் பலரும் முப்பதாம் நாளை ஒட்டிப் பெயர் சூட்டி முடி இறக்குகிறார்கள். இங்கே கேட்டுக்கொள்ள வேண்டியது, முடியைக் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறார்களா என்று. நேர்ந்திருந்தால் சீனப் பக்கத்தில் ஒரு கத்தரிப்புக்கூட வேண்டாம், கோயிலில் முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிவப்பு முட்டைக்கு: அவித்து ஆறவைத்து, நன்றாகத் துடைத்த பின், சிறிது வினிகர் சேர்த்த வண்ண நீரில் முக்குங்கள். துடைக்காவிட்டால் திட்டுத்திட்டாக இருக்கும். பூசை அறைப் பக்கம் அதைக் கொண்டுபோகாமல் புறப்படும்போது கையில் கொடுத்தால் போதும்.

பிரசவித்தவளுக்குப் பத்தியச் சாப்பாட்டில் இஞ்சியும் எள்ளெண்ணெயும் இரு பக்கமும் உண்டு. ஆனால் சீனருடையது வறுத்த எள்ளில் எடுத்த கரிய எண்ணெய், நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. ஒன்றுக்குப் பதில் ஒன்றை ஊற்றினால் இரண்டு சமையலும் கெடும்.

காது குத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். அம்மா சீனர் என்றால் அந்த மாமனும் சீனர்தான். தமிழ்ப் பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்து ஒப்பேற்றாதீர்கள். ஹொக்கியன் மரபில் தாயின் உடன்பிறந்தவனுக்கு விருந்தில் முதல் மரியாதை உண்டு, அவருக்கு இந்த உரிமை புரியும். ஒரு வாரம் முன்பே அவரிடம் சொல்ல வேண்டியவை: புதுத்துணியும் தோடும் அவர் கொண்டுவர வேண்டும், தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ இருக்கும், தட்டுகள் ஒற்றைப்படை, வேட்டி கட்ட உதவிக்கு ஆள் இருக்கும், பிள்ளை அழும்போது மடியைவிட்டு எழக் கூடாது.

திருமணமும் துக்கமும்

திருமண நாளுக்கு ஆடியைத் தமிழர் தவிர்ப்பார்கள், ஏழாம் மாதத்தைச் சீனர் தவிர்ப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஜூலை நடுவிலிருந்து ஏறத்தாழ செப்டம்பர்வரை அடைத்துவிடும். 2026இல் சீன ஏழாம் மாதம் ஆகஸ்ட் 13இல் தொடங்குகிறது, ஆடி முடிவதற்குள்ளேயே. தமிழரின் மார்கழியும் போனால் எஞ்சும் நாள்களுக்கு மண்டபம் கிடைப்பது கடினம், ஓராண்டு முன்பே பதிவு செய்யுங்கள். சீனரின் தேநீர்ச் சடங்கைத் தாலி கட்டும் நாளின் காலையிலேயே திணிக்காமல் வேறு நாளிலோ மாலையிலோ வையுங்கள். மணமக்கள் ஒவ்வொரு பெரியவரையும் உறவு முறை சொல்லி அழைத்தே கிண்ணத்தை நீட்ட வேண்டும். ஹொக்கியனில் அப்பா வழித் தாத்தா 'ஆ கோங்', அம்மா வழித் தாத்தா 'குவா கோங்', மாமா 'ஆ கூ'. தவறாமல் சொல்ல முன்பே ஒத்திகை பாருங்கள். மல்லிகைச் சரத்தின் வெள்ளை சீனப் பாட்டிகளை உறுத்தலாம், இடையிடையே சிவப்பு ரோஜா கோத்தால் போதும்.

துக்க வீட்டில் இரண்டு பக்கமும் "போய்வருகிறேன்" என்று சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். சீனர் வீட்டில் கொடுக்கும் சிவப்பு நூலையும் மிட்டாயையும் வாங்கிக்கொள்ளுங்கள். மிட்டாயைச் சாப்பிட்டுவிட்டு, நூலை வீட்டுக்குள் நுழையும் முன் எறிந்துவிட்டு, பிறகு குளியுங்கள். நெருங்கியவர் இறந்த ஆண்டில் சீனப் புத்தாண்டுக்குப் பிறர் வீடு போவதில்லை, தமிழ் வீட்டிலும் ஓராண்டு பண்டிகை இல்லை.

பெயரும் தாளும்

சிங்கப்பூரில் 2011 ஜனவரியிலிருந்து பிள்ளையின் இனத்தை இரட்டையாகப் பதியலாம். அரசு அடுக்குமாடி வீடுகளுக்கான இன விகிதக் கணக்குக்கு முதலில் வருவதே எடுத்துக்கொள்ளப்படும், வரிசையை யோசித்துப் போடுங்கள். மலேசியாவில் பொதுவாகத் தகப்பன் பக்கம்தான் பதிவாகும். ஆவணத்தில் இல்லாவிட்டாலும் சீனப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ளத் தடையில்லை. அதைத் தாத்தா பாட்டி கையால் சீன எழுத்தில் எழுதி வாங்குங்கள், ஒலியை மட்டும் குறித்துவைத்தால் பின்னாளில் எந்த எழுத்து என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பெயரில் பொதுவாக வரும் எழுத்து உண்டா, மகள் வழிப் பேரர்களுக்கும் அதைக் கொடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். இந்த எழுத்துகள் தேவைப்படும் நாள் ஒன்று கட்டாயம் வரும். சீனர் கல்லறையில் பிள்ளை, பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் செதுக்குவார்கள், மகள் வழிப் பேரர்களைச் சில குடும்பங்கள் சேர்க்கும், சில சேர்க்காது. கல் செதுக்கக் கொடுக்கும் முன் மாமாவிடம் கேளுங்கள். செதுக்கிய பிறகு சேர்க்க இடம் இருக்காது.